வீட்டுவரி ரசீதில் இருக்கும் நூலகம்

தமிழ்நாட்டில் பல ஊர்களின் வீட்டுவரி ரசீதில் 'நூலக வரி' என்று தனியாக ஓர் இனம் அச்சாகியிருக்கும். கட்ட வேண்டிய மொத்தத் தொகையைப் பார்க்கிற அவசரத்தில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. வீட்டுவரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகங்களுக்கென்று வசூலாகிறது. ஆண்டுக்கு 2,000 ரூபாய் வரி போடப்பட்ட வீடு, நூலகத்துக்கு 200 ரூபாய் கொடுக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இதற்கு வெளியே இல்லை. வீட்டுக்காரர் கட்டும் வரியெல்லாம் கடைசியில் வாடகையில்தான் வந்து சேர்கிறது.

ஆகவே, கிளை நூலகத்துக்குள் நுழைந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் யாருடைய தயவிலும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நாற்காலிக்கு அவர் ஊர் முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறது. உள்ளே வருகிறவரிடம் காசு கேட்பதில்லை என்றால், வெளியே எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஆண்டு தவறாமல் வாங்கிவிட்டார்கள் என்று பொருள். இலவச நூலகம் நிலைத்து நிற்பது இந்த ஏற்பாட்டின் மீதுதான். அது சரியாக நடக்கிற இடத்தில் நூலகம் திறந்திருக்கிறது. அது அறுந்த இடத்தில், எவ்வளவு அழகான கட்டடமாக இருந்தாலும் பூட்டுத்தான் தொங்குகிறது.

பொதுப்பணத்தில் நூலகம் நடத்துவது பெரிய சண்டைக்குப் பிறகு வந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் 1850இல் பொது நூலகச் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. உழைக்கிற மக்கள் படித்தால் கிளர்ச்சி செய்வார்கள் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். ஏற்கெனவே வரிச்சுமை தாங்கவில்லை, இதில் புத்தகத்துக்கும் வரியா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கடைசியில் சட்டம் நிறைவேறியது. ஆனால் எப்படி? ஒரு பவுண்டு வரிமதிப்புக்கு அரைப் பென்னிக்கு மேல் வசூலிக்கக் கூடாது. அதையும் கட்டடத்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் செலவிடலாமே தவிர, புத்தகம் வாங்கக் கூடாது. புத்தகங்களை நல்ல மனம் படைத்தவர்கள் நன்கொடையாகத் தருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 1855இல் சட்டத்தைத் திருத்தி, வரம்பை ஒரு பென்னியாக்கி, புத்தகம் வாங்கவும் அனுமதித்த பிறகுதான் அந்த நூலகங்களுக்கு உயிர் வந்தது. கட்டடத்துக்குக் கை தாராளமாக நீள்வதும், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய செலவுக்குக் கை சுருங்குவதும் அன்றைக்கே தொடங்கிய வியாதி. நம் ஊர் கதைக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்ட அவர் பணம் கொடுத்தார். வழக்கமாக அவர் போட்ட நிபந்தனை இதுதான்: நிலத்தை ஊர் தர வேண்டும்; கட்டடச் செலவில் 10 சதவீதத்தை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்குவதாக ஊராட்சி எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுக்காத ஊருக்குப் பணம் கிடையாது. கொடையாளரின் பெருமையை விட அந்தப் பத்து சதவீதம்தான் அந்த நூலகங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனையைக் கொண்டுவந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்காக அதே ஆண்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டார். வகுப்பறைப் பாடத்தைக் காட்டிலும் அங்கிருந்த பொது நூலகங்கள்தான் அவரை மாற்றின. குழந்தைகளும் தொழிலாளர்களும் வீட்டுப் பெண்களும் தங்கள் பாட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்து தாங்களே புத்தகத்தை எடுத்துப் பார்த்து, பதிந்துகொண்டு போனார்கள். நம் நாட்டில் அன்று நூலகம் என்றால் பூட்டிய கண்ணாடி அலமாரி. சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். திரும்பி வந்த ரங்கநாதனின் வாழ்நாள் வேலை அந்தப் பூட்டைத் திறப்பதாகவே ஆயிற்று. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. நூலகம் எப்படி நடக்க வேண்டும் என்று 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, 'நூல்கள் பயன்பாட்டுக்கே'. இன்று இதைப் படித்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நூலைக் காப்பதே நூலகரின் கடமை, வாசகர் என்பவர் அதைக் கெடுக்க வருகிறவர் என்று நம்பிய காலத்தில் அது ஒரு புரட்சி.

அதே 1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டி நிறையப் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார். இந்தியாவில் நடமாடும் நூலகத்தின் முன்னோடிகளில் ஒன்று அது. நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகம் போக வேண்டும் என்பதைக் காவிரிப் படுகையின் மண் சாலைகளில் அந்த வண்டி செய்து காட்டியது. ஆனால் தனிமனிதரின் ஆர்வத்தில் ஓடும் வண்டிக்கு, அவருக்குப் பிறகு யார் மாடு பூட்டுவது என்ற கேள்வி எப்போதும் இருக்கும். ரங்கநாதன் சட்டம் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றதற்கு இதுவே காரணம். மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அலைந்தார். விடுதலைக்குப் பிறகு, கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நம்முடையதுதான். 1950 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1896 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருந்த சென்னை கன்னிமாரா நூலகம், மாநில மைய நூலகமானது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு அமைந்தது. வீட்டுவரியோடு ரூபாய்க்கு 3 காசு அளவில் தொடங்கிய நூலக வரி, பின்னர் 5 காசாகி, இப்போது 10 காசாக இருக்கிறது.

மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று இன்று தமிழ்நாட்டில் 4,500க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பது அந்தச் சட்டத்தின் பலன். கேரளம் வேறு வழியில் போனது. அங்கே பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தில் ஊர் மக்களே நூலகத்தைக் கட்டி, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்தினார்கள். அரசின் உதவி அதன் பின்னால் வந்தது. எது சிறந்தது என்ற வாதம் நூலகர்களிடையே ஓய்ந்தபாடில்லை. கேரளத்து நூலகத்தில் ஊர் இருக்கிறது. நம் நூலகத்தில் நிரந்தர வருமானம் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. இந்தச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற வழக்கத்தைப் பரப்பியவை படிப்பகங்கள். திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமையாளரும் தெருமுனையில் ஓலைக்கொட்டகை போட்டு நாளிதழும் இதழ்களும் வாங்கிப் போட்டார்கள். ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். முடிதிருத்தும் கடைகளும் தேநீர்க் கடைகளும் அதே வேலையைச் செய்தன. அவர்களுக்கு இந்தச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் படிப்பகத்தின் வாசலில் ஒரு கொடி பறந்தது. அந்தக் கொடியை ஏற்காதவர் உள்ளே வரத் தயங்கினார். சில தெருக்களில் கொடியைக் காட்டிலும் சாதி பெரிய வேலியாக இருந்தது. பொது நூலகத்தின் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இன்ன கட்சிக்காரர், இன்ன தெருக்காரர் என்று பார்க்காமல் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைக்கிற இடங்கள் ஓர் ஊரில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், அந்த மேசையின் மதிப்பு விளங்கும். அதனால்தான் நூலகத்தை ஊரில் எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். சில பேர் கால் வைக்கக் கூசுகிற தெருவுக்குள் கட்டிவிட்டு, எல்லோருக்கும் பொது என்று பலகை மாட்டுவதில் பொருளில்லை.

கிளை நூலகம் ஒன்றின் காலை நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். கதவு திறந்ததும் முதலில் வருகிறவர்கள் பெரியவர்கள். ஓய்வு பெற்றவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர், வீட்டில் பேச்சுத்துணை இல்லாதவர். தினத்தந்தி நாலு தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். ஒருவர் தாளை மடித்து மேசையில் வைத்ததும், கண்ணால் கேட்டுவிட்டு மற்றவர் எடுத்துக்கொள்வார். பேசாமலே நடக்கிற அந்தக் கைமாற்றில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பல நாளிதழ்களை வீட்டுக்கு வரவழைக்கிற வசதி எந்த நடுத்தரக் குடும்பத்துக்கும் இல்லை. ஒரே செய்தியை இரண்டு மூன்று பேப்பரில் ஒப்பிட்டுப் படித்துவிட்டு, இவன் இப்படி எழுதுகிறான், அவன் அப்படி எழுதுகிறான் என்று வாசலில் நின்று பேசுகிறார்களே, அந்தப் பழக்கம் அலைபேசித் திரையில் வருவதில்லை. அங்கே நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

பத்து மணிக்குமேல் இளைஞர்கள் வருவார்கள். பெரும்பாலும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள். நூலகப் புத்தகத்தை இவர்கள் அதிகம் எடுப்பதில்லை. கையோடு பை நிறைய ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களும் வினாத்தாள் தொகுப்பும் கொண்டுவருவார்கள். நூலகம் அவர்களுக்குக் கொடுப்பது ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, சத்தமில்லாத நாலு மணி நேரம். ஒரே அறையில் சமையலும் தூக்கமும் தொலைக்காட்சியும் நடக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பயிற்சி மையங்களுக்கு ஆயிரக்கணக்கில் கட்ட முடிந்தவர்களோடு அதே தேர்வை எழுதப் போகிறவர் இவர். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள்: நூலகம் தேர்வுக்கூடமாகிவிட்டது, இலக்கியம் படிக்க யாரும் வருவதில்லை என்று. எனக்கு அந்தக் குறையில் உடன்பாடு இல்லை. வேலை கிடைக்காத வீட்டில் இலக்கியம் நுழைவது கடினம். தேர்வுக்கு வந்த பெண், களைப்புக்கு எழுந்து நடக்கும்போது பக்கத்து அலமாரியில் கை வைப்பாள். அந்த அலமாரி அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்தது இந்தத் தேவையை உணர்ந்து செய்த காரியம். பார்வையற்றோருக்கான பிரெயில் பிரிவும் அங்கே இருக்கிறது. 2011இல் அந்த நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அரசு அறிவித்தபோது, வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நூலகம் நூலகமாகவே நின்றது. 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது.

மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருகிறார்கள். காசு கேட்காத நூலகத்தின் உண்மையான பயனை இவர்களிடம்தான் பார்க்கலாம். கடையில் ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தால், அது நன்றாக இருந்தே ஆக வேண்டும், காசு போட்டிருக்கிறோமே. நூலகத்தில் ஐந்து புத்தகத்தை எடுத்து, மூன்றைப் பத்துப் பக்கத்திலேயே மூடி வைத்து, நாலாவதைப் பாதி படித்து, ஐந்தாவதில் முகம் புதைக்கலாம். யாரும் கணக்குக் கேட்பதில்லை. வாசிப்பு ருசி என்பது இப்படித் தப்பும் தவறுமாகத் தேர்ந்தெடுத்துத்தான் உண்டாகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சுதந்திரம் வீட்டு அலமாரியிலேயே கிடைக்கிறது. மற்றப் பிள்ளைக்கு அதை ஊர்தான் கொடுக்க வேண்டும்.

இனி, பூட்டிய கதவுகளைப் பற்றி. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று கட்டினார்கள். நோக்கம் மிகப் பெரியது. அது முழுமையாக நடந்திருந்தால், எந்தக் குழந்தையும் நடந்து போகிற தூரத்தில் நூலகம் உள்ள மாநிலமாகத் தமிழ்நாடு ஆகியிருக்கும். கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, முதல் தவணைப் புத்தகங்களும் வந்தன. ஆனால் பெரும்பாலான இடங்களில் முழுநேர நூலகர் வரவில்லை. சொற்ப ஊதியத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பில் விடப்பட்டார். அடுத்த ஆண்டுப் புத்தகம் வரவில்லை, பேப்பர் நின்றது, மழையில் கூரை ஒழுகியது. இன்று தஞ்சையிலிருந்து தருமபுரி வரை எந்தச் சாலையில் போனாலும், ஊராட்சி அலுவலகத்துக்கு அருகில் நிறம் வெளுத்த 'நூலகம்' என்ற எழுத்தும் அதன் கீழே துருப்பிடித்த பூட்டும் கண்ணில் படுகின்றன. சில ஊர்களில் அது வேறு சாமான்கள் போட்டுவைக்கும் அறையாகிவிட்டது. சில ஊர்களில் இளைஞர்கள் பூட்டைத் திறந்து, வெள்ளையடித்து, தாங்களே நடத்துகிறார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும், ஆனால் அவர்களுக்கு வேலை கிடைத்து வெளியூர் போனபின் என்ன ஆகும் என்பதே மேலவாசல் மாட்டுவண்டி கேட்ட கேள்வி. 1850இன் ஆங்கிலேயச் சட்டம் கட்டடத்துக்குப் பணம் தந்து புத்தகத்துக்குத் தராததைப் போல, நாம் திறப்பு விழாவுக்குச் செலவழித்துவிட்டு அதற்கு அடுத்த நாளை மறந்தோம்.

நூலகம் என்பது ஓர் ஆள். இதை ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று அவர் சொன்ன இரண்டு விதிகளையும் அலமாரியால் நிறைவேற்ற முடியாது. எட்டாம் வகுப்பில் படிப்பை விட்டுத் தையல் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுப்பது, முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் நிற்கிறவருக்கு எந்தப் படிவம், கணினியில் தேர்வு முடிவு பார்க்கத் தெரியாதவருக்கு எங்கே தட்டுவது என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்குச் சம்பளம் வேண்டும். ஒரு நூலகர் இரண்டு மூன்று நூலகங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிற நிலையில், அவர் ஒரு ஊரில் இருக்கும்போது மற்ற ஊர்களில் கதவு மூடியிருக்கும்.

பணம் இல்லையா என்றால், வசூல் ஆகத்தான் செய்கிறது. நூலக வரியை வசூலிப்பது மாநகராட்சியும் நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும். வசூலித்ததை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். பல உள்ளாட்சிகள் அதைக் காலத்தில் செலுத்துவதில்லை, ஆண்டுக்கணக்கில் நிலுவை வைக்கின்றன என்பது நூலகத் துறையில் இருப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. குடிநீர்க் குழாய் உடைந்தால், தெருவிளக்கு எரியாவிட்டால் மக்கள் அலுவலக வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். நூலகப் பணம் போகாவிட்டால் யாரும் வருவதில்லை. அதனால் நெருக்கடி வரும்போது முதலில் நிறுத்தப்படுவது அதுதான். நம் ஊரில் போன ஆண்டு நூலக வரி எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குப் போனது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். கிராமசபைக் கூட்டத்தில் எழுந்தும் கேட்கலாம். நூலகத்தை ஒட்டி வாசகர்கள் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டங்கள் கூட்டம் நடத்துவதோடு இந்தக் கேள்வியையும் கையில் எடுக்க வேண்டும்.

இந்தப் பணம் நின்றால் அடிபடுவது வாசகர் மட்டும் இல்லை. தமிழில் ஒரு புத்தகம் அச்சாவதற்கும் நூலகத்துக்கும் இருக்கிற தொடர்பு வெளியே அதிகம் தெரியாது. கவிதை, ஆய்வு, மொழிபெயர்ப்பு போன்ற நூல்கள் ஆயிரம் படிகள் அச்சிட்டால், கடையில் விற்பது சில நூறு. அதற்கும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும். பதிப்பாளருக்குப் போட்ட முதலைத் திருப்பித் தந்தது பெரும்பாலும் 'லைப்ரரி ஆர்டர்'தான், அதாவது பொது நூலகங்களுக்காக மொத்தமாக நூல் வாங்குவது. ஒரு காலத்தில் 600 படிகள், பிறகு 1,000 படிகள் வரை ஒரு தலைப்பில் வாங்கினார்கள். விலையை ஃபாரம் கணக்கில், அதாவது பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தார்கள். அதனால் தாளின் தரத்தைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தை நீட்டியவர்களும் உண்டு. தேர்வில் பாரபட்சம் என்ற புகாரும் உண்டு. இணையவழி விண்ணப்பமும் வெளிப்படையான தேர்வும் என்று அண்மையில் முறை மாறியிருப்பது நல்லது. குறைகள் இருந்தாலும், ஆர்டர் வராத ஆண்டுகளில் சிறு பதிப்பகங்கள் புதிய எழுத்தாளரின் கையெழுத்துப் படியைத் திருப்பித் தந்ததையும், நூறு படி மட்டும் அச்சிட்டு ஒதுங்கியதையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தமிழில் எது அச்சாகிறது என்பதை ஓரளவுக்கு அந்த நூலக வரி தீர்மானிக்கிறது.

ஒரு சமூகம் தன் நூலகத்தை எவ்வளவு தன்னுடையதாக நினைக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைக் காட்டிலும் பெரிய சான்று தமிழர் வரலாற்றில் இல்லை. கே.எம். செல்லப்பா தன் வீட்டில் சில புத்தகங்களோடு தொடங்கிய முயற்சி, ஊரார் சேர்ந்து பணம் போட, 1934இல் 844 நூல்களோடு ஒரு சிறு வாடகை இடத்தில் நூலகமாகத் திறந்தது. அடுத்த ஆண்டே அது உள்ளாட்சியின் பொறுப்புக்கு மாறியது. புதிய கட்டடத்துக்கு ஆலோசனை சொன்னவர் நம் ரங்கநாதன்; வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் வி.எஸ். நரசிம்மன். 1959இல் அந்த வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஓர் இரவில், காவலர்களும் சேர்ந்த கும்பல் அதற்குத் தீ வைத்தது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் தமிழறிஞர் தாவீது அடிகள் உயிர் துறந்தார் என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே ஊர் மக்கள் நூலக வாரம் என்று அறிவித்து வீடு வீடாகப் புத்தகம் சேர்த்தார்கள். போர் மீண்டும் அதைச் சிதைத்தது. 2000களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் திறந்தது. அது ஒரு பணக்காரரின் சேகரிப்பாக இருந்திருந்தால் வரலாற்றாசிரியர்கள் மட்டும் வருந்தியிருப்பார்கள். அங்கே உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தவரும் பேப்பர் படித்தவரும் அழுதார்கள், ஏனென்றால் அது அவர்களுடையது.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். நம் பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போக உறுப்பினராக வேண்டும். அதற்குக் காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் தினக்கூலி வாங்குகிற வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கட்டுவது என்றால் அம்மா யோசிப்பாள். பொது நூலகம் அடிப்படையில் கட்டணம் இல்லாததாக இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. பள்ளி மாணவர்களுக்காவது இந்தத் தொகையை முழுவதும் நீக்கிவிடலாம். அதனால் அரசுக்கு ஏற்படும் இழப்பு பெரிதாக இருக்காது. முகவரிச் சான்று இன்னொரு தடை. விடுதியில் தங்கிப் படிக்கிறவர், வெளிமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவர், மாதத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர் ஆகியோரிடம் உள்ளூர் முகவரி இருக்காது. புத்தகம் திரும்பி வராமல் போகலாம் என்ற பயம் நியாயமானது. தொலைந்த புத்தகத்துக்கு நூலகரைப் பொறுப்பாக்கி அவர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இருக்கும் வரை, எந்த நூலகரும் அந்நியரை நம்பிப் புத்தகம் தர மாட்டார். ஆண்டுக்கு இத்தனை சதவீத நூல்கள் தேய்ந்தும் தொலைந்தும் போவது இயல்பு என்று கணக்கிலேயே எழுதிவிட வேண்டும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பார்த்தால் ஓர் ஊரின் வாசிப்பு தெரியும். சில நூல்களில் முத்திரை விழுந்து விழுந்து இரண்டாவது தாளும் ஒட்டியிருப்பார்கள். சிலவற்றில் ஒரே ஒரு தேதி. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த ஒருவருக்காக அந்த நூல் பதினைந்து ஆண்டுகள் அலமாரியில் காத்திருந்திருக்கும். விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். நூலகம்தான் வைத்திருக்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கிளை நூலகங்கள் வழக்கமாக வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாக வைத்து ஞாயிறு திறந்திருப்பது, வேலைக்குப் போகிறவரையும் பள்ளிப் பிள்ளையையும் மனத்தில் வைத்து யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. அதே யோசனை மாலை நேரத்துக்கும் வேண்டும். பள்ளி நாலரைக்கு விடுகிறது. ஆலையும் கடையும் ஆறு, ஏழு மணிக்கு விடுகின்றன. பல பகுதிநேர நூலகங்கள் அதற்குள் மூடிவிடுகின்றன. இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க ஒரு ஊருக்குத் தேவைப்படுவது இன்னொரு ஊழியரின் அரைநாள் சம்பளம், வாசலில் ஒரு விளக்கு, பெண்கள் தயங்காமல் வந்து போகும்படி ஒரு கழிவறை. புதிய கட்டடம் எதுவும் கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியது இந்த மூன்றும்தான்.